பழவேற்காட்டில் ஒன்பது நிமிடப் படம்

பொன்னேரியில் மின்ரயிலை விட்டு இறங்குவதற்குள் என் பெட்டியை மூன்று பேர் உதைத்துவிட்டார்கள். வேண்டுமென்று இல்லை. வாசல் ஓரத்தில் பதினைந்து கிலோவில் ஒரு பெட்டியை வைத்தால் யார் காலில்தான் படாது. மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு திரும்பிக்கொண்டிருந்த ஒரு அம்மா மட்டும் அதன்மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"தையல் மிசினா சார்?"

"இல்லீங்க. படம் போடற மிசின்."

"இன்னா படம்?"

"பழைய டிவி நிகழ்ச்சிங்க."

"அதுக்குத்தான் வூட்டுக்கு வூடு டிவி கீதே" என்றார். முப்பது வருடமாக என் மனைவி கேட்பதும் இதைத்தான்.

தொலைக்காட்சி நம் பக்கம் வந்த புதிதில், வெளியே போய் எடுக்கும் நிகழ்ச்சிகளைப் பதினாறு எம்.எம். படச்சுருளில்தான் எடுத்தார்கள். பல நிகழ்ச்சிகளுக்குக் கேமராவில் ஓடிய சுருளையே கழுவி, வெட்டி ஒட்டி, அப்படியே ஒளிபரப்பிவிடுவார்கள். நெகட்டிவ் கிடையாது, நகலும் கிடையாது. பிறகு வீடியோ நாடா வந்ததும் சுருள்கள் பரணுக்கும் பழைய பேப்பர் கடைக்கும் போய்ச் சேர்ந்தன. அவற்றைத் தேடிப் பிடித்து, அசலா போலியா என்று பார்த்து, பட்டியல் போட்டு வைப்பது என் வேலை. வேலை என்று நான் சொல்கிறேன். வீட்டில் வேறு வார்த்தை சொல்கிறார்கள்.

போலி எதற்கு என்று தோன்றலாம். வீடியோவிலிருந்து திரும்பச் சுருளுக்கு மாற்றி, அசல் என்று தலையில் கட்டுபவர்கள் இருக்கிறார்கள். நான் இரண்டு முறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அதன் பிறகு எந்த ஊரானாலும் நேரில் போய்ப் பார்த்துத்தான் வாங்குவது.

இந்தச் சுருள் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில் இருந்தது. வைத்திருந்தவர் பெயர் ஏழுமலை. வயது ஐம்பத்தெட்டு. அவருடைய அக்கா சென்னையில் வேலை செய்த வீட்டுப் பெரியவர், அந்தக் காலத்தில் தொலைக்காட்சிக்கு ஒப்பந்தத்தில் படம் பிடித்துக் கொடுத்தவர். அவர் காலமான பிறகு பரணைக் காலி செய்தபோது, ஒரு டப்பாவின் மூடியில் தன் ஊர்ப் பெயர் இருப்பதைப் பார்த்து அந்த அக்கா எடுத்து வந்துவிட்டார். ஏழுமலை போனில் சொன்னது இவ்வளவுதான்: "காசு வேணாம் சார். நீ வந்து பாத்து, அசலுன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடு. டப்பா உனுக்கு."

பொன்னேரியில் ஏறிய பஸ் திருப்பாலைவனத்தில் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டீக்கடைக்குப் போனார். எங்கள் கோயம்புத்தூரில் பஸ் நின்றால் பத்துப் பேர் இறங்கிப் போய் டிரைவருக்கு யோசனை சொல்வார்கள். இங்கே யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஒருவர் நாற்று நட்ட வயலைப் பார்த்தபடி போனில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார். நான் இரண்டு மசால் வடை சாப்பிட்டேன். ஒன்று நன்றாக இருந்தது.

கடைசியில் இறால் ஏற்றப் போகும் ஒரு குட்டி யானை வண்டியில் இடம் கிடைத்தது. பின்னால் ஐஸ் பெட்டிகள், நடுவே என் புரொஜெக்டர். பெட்டிக்குள் தண்ணீர் இறங்கிவிடுமோ என்று வழி முழுக்க அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டே போனேன். இறங்கும்போது இடது பக்கம் சட்டை முழுதும் நனைந்து, மீன் நாற்றம். "பரவால்ல சார், இந்த ஊரு வாசம் வந்துட்ச்சி" என்றார் எதிரே காத்திருந்த ஏழுமலை. ஒல்லியான ஆள். வெறுங்கால். பெட்டியை ஒரு கையால் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்.

ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று பின்னால் கேட்டுக்கொண்டார்கள். தோணிரேவிலிருந்து அதிகத் தொலைவு இல்லை என்பதோடு விடுகிறேன்.

அன்று சாப்பாடு ஏழுமலை வீட்டில். அவர் மனைவி வசந்தா மடவைக் குழம்பும் நண்டு வறுவலும் வைத்தார். மடவை மீனை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. நாக்கில் வைத்ததும் கோயம்புத்தூரில் ஐஸ் போட்டு வரும் மீனை இத்தனை வருடம் மீன் என்று நம்பிச் சாப்பிட்டதற்காக வருத்தப்பட்டேன். நண்டுதான் வம்பாகிவிட்டது. ஒரு காலை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் திண்டாடினேன்.

"கடிங்க சார். அது இனிமே உங்கள ஒண்ணும் கடிக்காது" என்றார் வசந்தா.

மறுநாள் காலையில் டப்பாவைத் திறந்தேன். புளித்த வாடை குப்பென்று அடித்தது. இந்தச் சுருள்களுக்கு வயதானால் அப்படித்தான் நாறும். அதுவே ஒரு நல்ல அடையாளம். சுருள் கொஞ்சம் சுருங்கியிருந்தது. ஓரத்தில் சுருள் கம்பெனி பொறிக்கும் சின்னச் சின்ன வட்டம், சதுரம், முக்கோணம் இருக்கும். எந்த வருடம் செய்த சுருள் என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். எழுபதுகளின் கடைசி என்றது அது. ஒட்டுகள் அந்தக் காலத்துப் பசை ஒட்டுகள். வீடியோவிலிருந்து மாற்றியதில் தெரியும் கிடைக்கோடுகள் எங்கும் இல்லை. ஒலி மட்டும் இல்லை. அது தனி நாடாவில் இருந்திருக்கும், எங்கே போனதோ. மூடியில் நீல மையில் ஊர்ப் பெயர், கீழே 'பாடு – சீட்டு' என்று எழுதியிருந்தது. சந்தேகமே இல்லாத அசல். 

சுருளைக் கையால் பிரித்துக்கொண்டே வந்தபோது ஏழுமலை ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னார். அடையாளத்துக்கு ஒரு நூல் கட்டி வைத்திருந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். விரல் நகத்தளவு சட்டத்தில் நான்கு ஆண்கள், ஒரு பானை. ஒருவர் பானைக்குள் கை விட்டிருக்கிறார்.

"இதான் எங்க நைனா" என்றார் ஏழுமலை. அவர்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்கிறார்கள்.

அதன் பிறகுதான் கடிதம் எதற்கு என்று சொன்னார். உட்கார்ந்து சொல்லவில்லை. படகில் ஏற்றிக்கொண்டு போய்ச் சொன்னார்.

ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் சில உண்டு. எல்லாரும் அங்கேயே வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் வருடத்துக்கு ஒரு நாள் சீட்டுக் குலுக்கி, எந்த இடம், எந்த நாள், யாருக்கு என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். குலுக்கலில் பெயர் உள்ள குடும்பங்களுக்குப் பாடு உண்டு. மற்றவர்கள் கரையோரத்தில் கையால் தடவி இறால் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஏழுமலை மற்றவர்களில் ஒருவர்.

"அந்தக் கம்பம் தெர்து பாரு. அதுக்கு அந்தாண்ட நான் கை வெக்கக் கூடாது. எங்க தாத்தா அக்கரையிலேந்து வந்தவரு, பாடு கெடையாதுன்னு சொல்றாங்கோ. கெடையாதுன்னா எங்க நைனா எப்படி சீட்டு எடுத்தாரு? பேரு இருந்துச்சி சார். எப்பவோ லிஸ்ட்ட மாத்தி எழுதறப்ப உட்டுட்டாங்க."

"நைனா உங்ககிட்டச் சொன்னதில்லீங்களா?"

"நான் அப்ப சூளூர்பேட்டைல அத்தை வூட்ல இருந்தேன். படம் புடிச்ச அடுத்த வருஷமே ஏரில போயிட்டாரு. எனக்குப் பன்னெண்டு வயசு."

இதைச் சொல்லி முடிக்கும்போது படகு சேற்றில் தட்டி நின்றது. ஏழுமலை இறங்கித் தள்ளினார். நகரவில்லை. நானும் இறங்கினேன், இன்னும் நகரவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு மேல் இல்லை. கண்ணுக்கெட்டிய வரை ஏரி, ஆனால் படகுக்குத் தண்ணீர் போதவில்லை. நீர் ஏறும் வரைக்கும் சும்மா நிற்பானேன் என்று அவர் குனிந்து சேற்றில் இரண்டு கையாலும் தடவ ஆரம்பித்தார். இடுப்பில் ஒரு பனையோலைப் பறி. பிடித்ததை அதில் போட்டுக்கொண்டே போனார். ஒரு மணி நேரத்தில் இரண்டு பிடி இறால். விரல்களில் சிப்பி கிழித்த கோடுகள், பழையதும் புதியதுமாக. கம்பத்துக்கு அப்பால் பாடுள்ள ஒருவருடைய வலையை இரண்டு பேர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"பாடு வந்தா நீயும் ஒரு நாளு வலையில நின்னு பாரு சார்" என்றார்.

அந்த இறாலைத்தான் மத்தியானம் வசந்தா தொக்கு வைத்தார். மூன்று தடவை சோறு வாங்கினேன். சாப்பிட்டு முடித்துக் கடிதம் எழுதினேன். சுருளின் வயது, ஓரக் குறி, ஒட்டு, எல்லாம் எழுதி, 'இது அசல்' என்று முடித்தேன். அதோடு கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். ஏழுமலை எதிரே குந்தி உட்கார்ந்து என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வரி சேர்த்தேன்: 'இதில் காண்பது இவ்வூரின் பாடு குலுக்கலின் நேரடிப் பதிவு.' எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. மூடியில் இருந்தது, நானும் எழுதினேன். சுருள் அசல் என்பது வேறு, சுருளில் நடப்பது அசல் என்பது வேறு. முப்பது வருடமாக மற்றவர்களுக்கு இதைப் படித்துப் படித்துச் சொல்பவன் நான்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் படம். ஜன்னல்களைத் தார்ப்பாயால் மூடினார்கள். மின்சாரம் முக்கி முனகிக்கொண்டிருந்ததால் ஜெனரேட்டர் வந்தது. நாற்பது பேர் இருக்கும், பெரும்பாலும் பாடுள்ள வீட்டு ஆண்கள். இது நைந்து போன சுருள், ஒரே ஒரு தடவைதான் ஓட்டுவேன், நடுவில் நிறுத்தச் சொல்லக் கூடாது என்று கறாராகச் சொன்னேன். தலையாட்டினார்கள்.

ஊர்த் தலைவருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். என் கடிதத்தை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, கடைசி வரி வரைக்கும் சத்தமாகப் படித்தார். மடித்துத் திருப்பித் தந்தார். "சரி, படத்தப் போடு. ஏழுமலை சொல்றது அதுல இருந்துச்சின்னா ஊரு பேசும்" என்றார். ஏழுமலை துவைத்த சட்டை போட்டிருந்தார். வசந்தா வாசலுக்கு வெளியே நின்றார்.

சுவரில் ஏரி வந்தது. பாய் கட்டிய படகுகள் வந்தன. கூட்டத்தில் பெயர் பெயராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். இது அவன் சித்தப்பா, இது செத்துப்போன இன்னார். ஐந்தாம் நிமிடத்தில் வேப்பமரம், பானை, நான்கு ஆண்கள். மூன்றாவதாக ஏழுமலையின் நைனா வந்தார். ஒவ்வொரு அடியாக வைத்து, ஏதோ சந்நிதிக்குள் போகிறவர் மாதிரி மெதுவாக வந்தார். பானைக்குள் கை விட்டார். சீட்டை எடுத்துக் கேமராவைப் பார்த்துக் காட்டினார்.

"எங்க நைனா" என்றார் ஏழுமலை, யாரிடம் என்றில்லாமல்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார். இன்னொரு குரல், "வேட்டி காய்ஞ்சி கீதுடா" என்றது. "கால பாரு, செருப்பு" என்றது மற்றொன்று. சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஏழுமலைக்கும் புரியவில்லை என்பதுதான் அதில் முக்கியம். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

படம் முடிந்து தார்ப்பாயை விலக்கியதும் தலைவரிடம் கேட்டேன். அவர் என்னிடம் சொல்லவில்லை. ஏழுமலையைப் பார்த்துச் சொன்னார்.

"சீட்டு எடுக்கறவன் ஏரில முழுக்குப் போட்டு, சொட்டச் சொட்ட ஈரத்தோட வெறுங்கால்ல வருவான். நீ பாத்ததில்ல. பாடு இல்லாதவங்க அன்னைக்கு அந்தப் பக்கம் வரக் கூடாது, அதனால உனுக்குத் தெரிய வழியில்ல. டிவிக்காரங்க வந்தப்ப சீட்டு நாளு இல்ல. எடுத்துக் காட்டுன்னாங்க. பொய்ச் சீட்டு எடுத்தா அம்மன் சும்மா வுடாது. பாடுள்ளவன் எவனும் கை வெக்க மாட்டேன்னுட்டான். அதான் பாடு இல்லாத நாலு பேரக் கூட்டியாந்து நிக்க வச்சோம். செருப்பு போட்டுக்கச் சொன்னதும் நாங்கதான். இது நெசம் இல்லன்னு அம்மனுக்குத் தெரியணும்ல."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. காணாமல்போன ஒலி நாடாவில், 'இப்போது நடித்துக் காட்டுகிறார்கள்' என்று ஒரு குரல் சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம். எப்படியோ, பாடு கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி அந்த ஊரில் இல்லை. அதை அசல் என்று எழுதிக் கொடுத்தவன் நான். தேடிக் கண்டுபிடித்துச் சபைக்குக் கொண்டுவந்தவர் ஏழுமலை.

ஏழுமலை தலைவரைப் பார்த்தபடியே கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

"உங்காளுங்க தொட்டா அம்மன் வுடாது. எங்க நைனா தொட்டா பரவால்லயா?"

சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள். 

"அப்ப யாரும் அப்படி யோசிக்கல" என்றார் தலைவர். "நானும் அங்க நின்னுகினு இருந்தேன். யோசிச்சிருக்கணும். ஆனா அதுக்காகப் பாடு குடுக்க முடியாது ஏழுமலை. அது வேற, இது வேற."

"பாடு வேணாம். அடுத்த சீட்டுக்கு வந்து ஒரு ஓரமா நின்னு பாக்கறேன். நெசமா எப்படி எடுக்கறாங்கன்னு."

தலைவர் மற்றவர்களைப் பார்த்தார். யாரும் நிமிரவில்லை.

"அது முடியாதுப்பா" என்றார்.

கட்டடம் காலியாயிற்று. போகிற போக்கில் ஒருவர் ஏழுமலை தோளைத் தொட்டார், அவர் திரும்பவில்லை. நான் கடிதத்தை எடுத்துக் கடைசி வரியை அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். என்னமோ ரயில்வே கவுன்டரில் சில்லறை குறைந்ததற்குக் கேட்பது மாதிரிதான் அது வாயிலிருந்து வந்தது. அவர் கடிதத்தை வாங்கவில்லை.

"டப்பா உனுக்குத்தான் சார். சொன்னா சொன்னதுதான். இன்னொரு வாட்டி மட்டும் போடு."

மறுபடி ஓட்டினால் புரொஜெக்டரின் பற்கள் மாட்டும் ஓரத் துளைகள் கிழியும். நான்தான் காலையில் நாற்பது பேருக்குச் சொன்னேன். தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு, சுருளை மாட்டினேன். வசந்தா உள்ளே வந்து கதவோரம் நின்றுகொண்டார்.

ஏரி போயிற்று, படகுகள் போயின. வேப்பமரம் வந்ததும் ஏழுமலை எழுந்து சுவருக்குப் பக்கத்தில் போனார். முகத்தைப் பார்க்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் படத்தின் கீழ் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"சார், எங்க நைனாகிட்ட செருப்பே கெடையாது. பொறந்ததுலேந்து போட்டதில்ல."

சுவரில் அந்தக் காலை விரலால் தொட்டுக் காட்டினார்.

"யாருதோ குடுத்துப் போட வச்சிருக்காங்க. பாரு, குதிகாலுக்குப் பின்னாடி எவ்ளோ நீட்டிக்கினு கீது."

பார்த்தேன். நீட்டிக்கொண்டுதான் இருந்தது. சீட்டைக் காட்டிவிட்டு அந்த மனிதர் திரும்பி நடந்தார், ஒவ்வொரு அடியாக, காலைத் தூக்காமல் மணலில் இழுத்து இழுத்து, செருப்பு கழன்றுவிடாதபடிக்கு.